வேட்டைக்கு முன்னால் சுடுதளம்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"நமீபியாவில் இருக்கிறாயே, சிங்கம் புலி பற்றி ஏதாவது பேசேன்" என்றார் செயலாளர் அண்ணன். அங்கே புலி கிடையாது அண்ணே! சிங்கத்தையும் ஜீப்பில் உட்கார்ந்துதான் பார்த்திருக்கிறேன். மெக்கானிக்கல் படித்தவனுக்குத் தெரிந்தது எந்திரம். ஆகவே பெரிய துப்பாக்கிகளைச் சோதித்துப் பார்ப்பது பற்றிச் சொல்கிறேன்.

என்னோடு வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் ஜாம்பேசிப் பகுதிக்குக் காட்டெருமை வேட்டைக்குக் கிளம்பினார். அங்கே உரிமம் வாங்கிச் செய்யலாம். கட்டணத்தில் ஒரு பங்கு ஊர் மக்களின் வனவிலங்குக் குழுவுக்குப் போகிறது. இது சரியா, தப்பா என்று என் அம்மா போனில் அரை மணி நேரம் வாதாடினார். அந்த வழக்கை இங்கே எடுக்கவில்லை. ஆனால் ஒன்று. காயம்பட்ட காட்டெருமை புதருக்குள் போய் நின்றுகொள்ளும். அதைத் தேடி முதலில் உள்ளே நுழைகிறவர் பணம் கட்டியவர் அல்ல, தடம் பார்க்கும் உள்ளூர்க்காரர். அதனால்தான் நான் சுடுதளத்துக்குக் கூடப் போனேன். சுட அல்ல, வேகம் அளக்க.

நமீபியச் சட்டப்படி காட்டெருமைக்குக் குண்டின் ஆற்றல் குறைந்தது 5,400 ஜூல் இருக்க வேண்டும். நம் என்.சி.சி.யில் சுட்ட .22 தோட்டா சுமார் 140 ஜூல்தான். நண்பருடையது .458 வின்செஸ்டர் மேக்னம். 32 கிராம் குண்டு, விநாடிக்கு 640 மீட்டர் வேகம். அரை எம் வி ஸ்கொயர் போட்டுப் பாருங்கள், 6,500 ஜூலுக்கு மேல் வரும். ஆனால் பெட்டியில் அச்சடித்த வேகமும் குழலை விட்டு வரும் வேகமும் ஒன்றாக இருக்கும் என்று நம்பிப் போகக் கூடாது. 1956இல் இந்தத் தோட்டா வந்தபோது கூடு குட்டை, வெடிமருந்தை அழுத்தித் திணித்தார்கள். நாளாக ஆக மருந்து கட்டிதட்டி வேகம் குறைந்தது. ஜாக் லாட் என்ற அமெரிக்கரை 1959இல் மொசாம்பிக்கில் ஒரு காட்டெருமை முட்டித் தூக்கிவிட்டது. பிழைத்து வந்தவர், பிற்பாடு 1971இல், கூட்டை நீளமாக்கி .458 லாட் என்று புதிதாகவே ஒன்றை உருவாக்கினார்.

வேகம் சரியாகவே இருந்தது. ஆனால் காட்டுக்குக் கொண்டுபோகும் தோட்டா ஒவ்வொன்றையும் மேகசினில் போட்டு உள்ளே தள்ளிப் பார்த்தோம். நண்பர் கையால் நிரப்பிய நாற்பதில் இரண்டு பாதியிலேயே சிக்கின. காட்டில் அந்த இரண்டில் ஒன்று இரண்டாவது குண்டாக வந்திருந்தால்?

அடுத்தது உதை. நாலரைக் கிலோ துப்பாக்கி விநாடிக்குக் கிட்டத்தட்ட ஆறு மீட்டர் வேகத்தில் பின்னால் வருகிறது. அதே எடையை ஓர் ஆள் உயரத்திலிருந்து தோளில் போட்டால் எப்படி இருக்கும்? உடம்பு இதை இரண்டே குண்டில் கற்றுக்கொள்ளும். மூன்றாவதில், விசையை அழுத்துவதற்கு முன்பே கண் மூடும், தோள் முன்னால் போகும். அவரவருக்கு இது தெரியாது. கேட்டால், "சேச்சே, நானா?" என்பார்கள். கண்டுபிடிக்க ஒரு பழைய வித்தை உண்டு. சுடுகிறவருக்குத் தெரியாமல் நடுவில் ஒரு வெற்றுத் தோட்டாவைச் செருகிவிட வேண்டும். செருகினேன். வெடிச்சத்தம் இல்லை, உதை இல்லை. ஆனால் குழல் முனை ஒரு சாண் கீழே இறங்கியது! நண்பர் துப்பாக்கியை மேசையில் வைத்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. பயணத்தை மூன்று வாரம் தள்ளி வைத்தார். தினமும் சாயங்காலம் .22இல் பழகினார். பெரியதை ஞாயிற்றுக்கிழமை மட்டும், எட்டே குண்டு, அதுவும் நின்றபடி. பிறகு வெற்றுத் தோட்டா வந்தபோது குழல் அசையவில்லை.

இரட்டைக் குழல் துப்பாக்கி இன்னும் வேடிக்கை. அன்று பக்கத்து மேசையில் ஒரு பெரியவர் .470 வைத்திருந்தார். அந்த அளவு பிறந்ததில் நம் நாட்டுக்கும் பங்கு உண்டு. கலகக்காரர் கையில் இருந்த மார்ட்டினித் துப்பாக்கிகளுக்குக் குண்டு கிடைத்துவிடும் என்று பயந்து, பிரிட்டிஷ் அரசு 1907இல் இந்தியாவிலும் சூடானிலும் .450 அளவைத் தடை செய்தது. லண்டன் கொல்லர்கள் உடனே .470 போன்றவற்றைக் கொண்டுவந்தார்கள். பார்வைக்கு இரு குழலும் இணைகோடு, உண்மையில் முனையில் நெருங்கி வரும். வலக்குழல் வெடித்தால், குண்டு வெளியேறும் முன்பே துப்பாக்கி வலப்பக்கம் திரும்பிவிடுகிறது. அதற்கு ஈடாகத்தான் சுட்டுச் சுட்டுப் பார்த்து, குழல்களை நகர்த்திப் பற்றவைக்கிறார்கள். குண்டின் வேகம் கூடினால் இரண்டும் குறுக்கே போகும், குறைந்தால் விலகிப் போகும். அந்தக் காலத்துக் கார்டைட் மருந்து வெயிலில் அழுத்தம் ஏறும். ஆகவே இந்தியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் மருந்தைக் குறைத்துப் போட்டு அனுப்பினார்கள். லண்டன் குளிரில் சரிபார்த்ததை அப்படியே நம்பாதே என்று அப்போதே தெரிந்திருக்கிறது!

செயலாளர் அண்ணன் கடிகாரத்தைத் தட்டிக் காட்டுகிறார். பற்றவைக்கும் முறை பற்றித் தேநீர் வேளையில் கேளுங்கள், தம்பிகளா.