பிள்ளைக் காம்பராவும் கைபேசியும்

(மாதர் பிரிவுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சம்பளத்தைப் பற்றிப் பேசுவேன் என்று நினைத்து வந்திருப்பீர்கள். அதைத் தலைவர் பேசுவார். நான் பிள்ளைக் காம்பராவைப் பற்றியும் பள்ளிக்கூடத்தைப் பற்றியும் பேச வந்தேன். அதுவும் சம்பள விசயந்தான் என்பது போகப்போகத் தெரியும்.

இந்த நாட்டில் இலவசக் கல்வி 1945இல் வந்தது. நமக்கு அன்றைக்கு வரவில்லை. தோட்டப் பாடசாலை துரையின் கையில் இருந்தது. பெரும்பாலும் ஒரு கட்டடம், ஒரு வாத்தியார், சின்ன வகுப்புகளோடு படிப்பு முடிந்துவிடும். எழுபதுகளில் தோட்டங்கள் அரசுடைமையான பிறகுதான் அந்தப் பாடசாலைகளை அரசாங்கம் கட்டம் கட்டமாகப் பொறுப்பேற்றது. பாடசாலை அரசாங்கத்துக்குப் போனது, பிள்ளைக் காம்பரா தோட்டத்தோடேயே நின்றுவிட்டது. ஐந்து வயதுக்கு மேலே அரசாங்கத்தின் பிள்ளை, அதற்குக் கீழே தோட்டத்தின் பிள்ளை! 1992இல் கம்பனிகள் நிர்வாகத்துக்கு வந்தன. இன்று சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று பலகை மாட்டியிருக்கிறார்கள். நாம் ட்ரஸ்ட் என்று சொல்லும் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் அதற்கு உதவுகிறது. அந்த ட்ரஸ்ட்டில் அரசாங்கமும் கம்பனியும் மட்டுமல்ல, தொழிற்சங்கங்களும் இருக்கின்றன. ஆகவே குறை சொல்லும்போது நம் பக்கத்தையும் சேர்த்தே சொல்கிறேன்.

பிள்ளைக் காம்பரா நேரத்துக்குத் திறக்காவிட்டால் என்ன நடக்கிறது? அம்மா பெரட்டுக்குப் பிந்தினால் பேர் போகும். அதனால் மூத்த பொம்பளைப் பிள்ளை கைக்குழந்தையோடு லயத்தில் நிற்கிறாள். பள்ளிக்கூட இடாப்பில் "வரவில்லை" என்று விழும். ஏன் வரவில்லை என்று எழுத அதில் இடமில்லை. வருடக் கடைசியில் "தோட்டத்துப் பெற்றோருக்குப் படிப்பில் அக்கறை இல்லை" என்பார்கள். அக்கறையை எந்தத் தராசில் நிறுத்தார்களோ தெரியாது.

2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பள்ளிக்கூடங்களை மூடினார்கள். படிப்பு ஒன்லைனுக்குப் போனது. அமைச்சின் ஈ-தக்சலாவ இணையத்தளம் இருந்தது, தொலைக்காட்சியில் பாடம் நடந்தது, ஆசிரியர்கள் வட்ஸ்அப்பில் செயலட்டை அனுப்பினார்கள். அந்த ஆசிரியர்களில் பலர் சொந்தக் காசில் ரீலோட் போட்டவர்கள், அதை மறக்கக் கூடாது. ஆனால் நம் லயத்தில்? நம் அடிப்படைச் சம்பளம் 700 ரூபாயாக இருந்த நேரம் அது. வீட்டில் ஒரு போன் இருந்தால் அதை அப்பா வேலைக்குக் கொண்டு போவார். மூன்று பிள்ளைக்கு மூன்று வகுப்பு. சிக்னலுக்காக மலை உச்சிக்கு ஏறின பிள்ளைகளை நீங்களே பார்த்தீர்கள். இது நமக்கு மட்டும் நடந்ததல்ல. போஹிட்டியாவ என்ற சிங்களக் கிராமத்திலும் பிள்ளைகள் காட்டு வழியே நடந்து பாறை மேல் ஏறித்தான் பாடம் படித்தார்கள். 200 பிள்ளைகளுக்குக் குறைந்த ஆரம்பப் பாடசாலைகள் 2021 ஒக்டோபர் 21ஆம் திகதிதான் திறந்தன. இடையிடையே திறந்து மூடியதையும் சேர்த்து, ஒன்றரை வருடத்துக்கு மேல். முதலாம் வகுப்புக்குப் போக வேண்டிய பிள்ளை எழுத்துப் பழகாமலே மேல் வகுப்புக்கு ஏறியது.

போன் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இலவசக் கல்வி என்று சொல்லிவிட்டு, போனும் டேட்டாவும் அம்மாவின் கொழுந்துக் கூடையிலிருந்து வரட்டும் என்று விட்டதைத்தான் கேட்கிறேன். இன்றைக்கும் சில வகுப்புகளில் நாளைய பாடமும் கூட்டமும் வட்ஸ்அப்பில் மட்டுந்தான் வருகிறது. போன் இல்லாத வீட்டுக்கு ஒரு துண்டுக் கடிதமாவது வர வேண்டும்.

இனிப் பால் குடிக்கும் பிள்ளைகள். மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டப்படி, ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளையுள்ள தாய்க்கு 9 மணி நேரத்துக்குள் இரண்டு இடைவேளை உண்டு. பிள்ளைக் காம்பரா இருந்தால் ஒவ்வொன்றும் 30 நிமிடம், இல்லாவிட்டால் ஒரு மணி நேரம். இதைக் கொடுக்கிறோம் என்று துரைமார் சொல்வார்கள். சரி, கிலோவைக் குறைத்தார்களா? இரண்டு தடவை மலையிலிருந்து இறங்கி ஏறிய பிறகும் மற்றவர் எடுக்கும் அதே கிலோவை அவளும் எடுத்தால்தான் முழுப் பேர். பல தோட்டங்களில் டிஜிட்டல் தராசு வந்துவிட்டது. அதற்குக் கொழுந்து தெரியும், பால் கொடுத்த நேரம் தெரியாது. கார்டில் பேரைப் பதியத் தெரிந்த கம்பனிக்கு, இந்தத் தாய்க்கு இன்றைக்கு இத்தனை கிலோ குறைவு என்று பதிய முடியாதா? அடுத்த பேச்சுவார்த்தையில் இதை எழுத்தில் வைக்க வேண்டும் என்று தலைவரிடம் இந்த மேடையிலேயே கேட்கிறேன்.

அதற்கு எனக்கு விவரம் வேண்டும். ஒவ்வொரு மாதர் தலைவியும் அடுத்த கூட்டத்துக்கு வரும்போது மூன்று விசயம் எழுதிக்கொண்டு வாருங்கள். உங்கள் டிவிசனில் பெரட்டு எத்தனை மணிக்கு, பிள்ளைக் காம்பராக் கதவு எத்தனை மணிக்குத் திறக்கிறது, போன வாரம் தம்பி தங்கச்சியைப் பார்க்க எத்தனை பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகாமல் நின்றார்கள். எழுதத் தெரியாதவர்கள் பிள்ளைகளிடம் சொல்லி எழுதி வாங்குங்கள். வட்ஸ்அப்பில் அனுப்பினாலும் சரிதான்.