சுவரில் படரும் பூசணம்

(பஞ்சாயத்து உறுப்பினர் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அதிகாரி ஆற்றிய உரை)



ஐப்பசி, கார்த்திகை அடைமழை ஓய்ந்ததும் பள்ளிக்கூடச் சுவர்களிலும் சத்துணவுக் கூடத்தின் சாமான் அறையிலும் கருமையும் பச்சையுமாகப் பூசணம் படர்வதைக் காண்கிறீர்கள். உடனே வர்ணம் பூசத் தீர்மானம் நிறைவேறுகிறது. அடுத்த மழைக்குப் பூசணம் மீண்டும் தலைகாட்டுகிறது. இது வர்ணத்தின் குற்றமன்று, ஈரத்தின் வேலை.

பூசண வித்துக்கள் காற்றில் எங்கும் மிதக்கின்றன. அவற்றை அடியோடு ஒழிக்க எவராலும் இயலாது. அவை முளைக்க ஈரமும் உணவும் வேண்டும். சுவரையொட்டிய காற்றின் ஈரப்பதம் 80 சதவிகிதத்துக்கு மேல் நாட்கணக்கில் நீடித்தால், நமது வெப்பத்தில் அவை செழித்து வளரும்.

சுண்ணாம்பு காரம் மிக்கது. புதிதாக அடித்த வெள்ளையின் மீது பூசணம் பிழைப்பதில்லை. காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று நாளடைவில் அதன் காரம் குன்றும். பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடிக்கும் வழக்கம் இதனால் பொருளுடையதாகிறது. செங்கல்லும் கருங்கல்லும் பூசணத்துக்கு உணவல்ல. அவற்றின் மேல் படியும் தூசியும் பிசுக்குமே உணவு. தேக்கின் வைரப்பகுதி எதிர்த்து நிற்கும். அதே மரத்தின் வெளிறு நில்லாது. எம்மரமாயினும் ஈரம் 20 சதவிகிதத்துக்குக் கீழ் உலர்ந்த பின்னரே பொருத்துதல் நன்று. காகிதம் ஒட்டிய ஜிப்சம் பலகையோ நனைந்தால் பூசணத்துக்கு விருந்து.

ஆகவே, செலவுக்குத் தீர்மானம் எழுதுமுன் ஈரத்தின் வழியைத் தேடுங்கள். சுவரின் அடிப்பகுதியில் மட்டும் ஈரம் இருப்பின் அது பெரும்பாலும் தரையிலிருந்து ஏறுவது. புதுக் கட்டடமானால் அடித்தள மட்டத்திலேயே ஈரத்தடுப்புப் பூச்சு இடச் செய்யுங்கள். மேற்பகுதியில் இருப்பின் தளத்து வெடிப்பையும் நீர்க்குழாய் அடைப்பையும் பாருங்கள். மூலைகளிலும் அலமாரிக்குப் பின்னும் இருப்பின் காற்றோட்டம் போதவில்லை என்று கொள்ளலாம்.

விவசாயிகளுக்கு ஒரு சொல். 1960ஆம் ஆண்டில் இங்கிலாந்தில், பூசணம் பிடித்த நிலக்கடலைப் பிண்ணாக்கைத் தின்று 1 லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தன. அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சு அதன்பின் கண்டறியப்பட்டது. அது மனிதரின் ஈரலையும் கெடுப்பது. ஆதலால் நன்கு காய்ந்த கடலையையே மூட்டை கட்டுங்கள். மூட்டைகளைச் சுவரில் சாய்க்காமல், கட்டைகளின் மேல், சுவரினின்று விலக்கி அடுக்குங்கள்.

புரட்டாசியிலேயே உறுப்பினர்கள் ஒன்றுகூடி ஊர்ப் பொதுக் கட்டடங்களை ஒருமுறை சுற்றிப் பார்க்க வேண்டுகிறேன். மழைக்கு முன் அடைத்த ஒரு வெடிப்பு, மழைக்குப் பின் பூசும் பத்து வாளி வர்ணத்தினும் மேலானது.