கொல்லிமலை: 70 வளைவு முடிஞ்சதுக்கு அப்புறம்

கொல்லிமலைக்குச் சைக்கிள்ல போயிட்டு வந்தேன்னு சொன்னதும் எல்லாரும் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்: "70 கொண்டை ஊசி வளைவையும் மிதிச்சே ஏறினியா?" ஏறலாங்க, அது வெறும் கணக்கு. முன்னாடி 22 பல், பின்னாடி 34 பல், 29 இன்ச் சக்கரம். பெடல் ஒரு சுத்து சுத்தினா வண்டி சுமார் ஒன்றரை மீட்டர் நகரும். நிமிஷத்துக்கு 70 சுத்துன்னா மணிக்கு 6 கிலோமீட்டர் சொச்சம். வேகமா நடக்கிற ஆள் நம்மளை முந்திடுவார். ஆனா மூச்சு நிக்காது. காரவள்ளி அடிவாரத்துல விடியறதுக்கு முன்னாடி கிளம்பிடுங்க, அவ்வளவுதான் ரகசியம்.

இந்த 70-ஐ முடிச்சுட்டு, போட்டோ எடுத்துட்டு, அப்படியே இறங்கிப் போறவங்கதான் அதிகம். எனக்கு அதுல உடன்பாடு இல்லை. கொல்லிமலையோட தலை ஒரு கூர் முனை கிடையாது. ஆயிரம் மீட்டருக்கு மேல அகலமா விரிஞ்சு கிடக்கிற மேட்டுநிலம். அதுக்குள்ள ஏத்தமும் இறக்கமுமா சின்னச் சின்ன ஊர்கள். மவுன்டன் பைக்குக்கு வேலையே அங்கதான். தார் ரோட்டை விட்டு இறங்கினா சில்வர் ஓக் மரங்கள்ல மிளகுக்கொடி, நடுவுல காப்பிச் செடி, ஒத்தையடிப் பாதை. கார்ல போனா இதுல ஒண்ணும் கண்ணுல படாது.

செம்மேட்டுல வல்வில் ஓரி சிலை இருக்கு. கடையெழு வள்ளல்கள்ல ஒருத்தர், இந்த மலைக்குத் தலைவர். அங்கேர்ந்து ரெண்டு கோயிலுக்குப் போனேன். ஒண்ணு எட்டுக்கை அம்மன் கோயில். சங்கப் பாட்டுகள்ல வர்ற கொல்லிப்பாவை இவதான்னு இங்க சொல்றாங்க. இன்னொண்ணு அறப்பளீஸ்வரர் கோயில். சுத்தி மலை, பக்கத்துலயே ஆறு. வெட்டின மீனைத் திரும்பப் பொருத்தி உயிர் குடுத்த சாமின்னு கதை. அதனால அந்த ஆத்து மீனுக்கு ஜனங்க பொரி போடுவாங்க, பிடிக்க மாட்டாங்க. கோயில்லேர்ந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படி இறங்கினா ஆகாய கங்கை அருவி. காலையில மலை ஏறின அதே காலோட அந்தப் படியில இறங்காதீங்க. ஒரு ராத்திரி தங்கிட்டுப் போங்க.

வழியெல்லாம் நான் பார்த்தது மரவள்ளி. சேலம், நாமக்கல் ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போற கிழங்கு. ஒரு காலத்துல இந்தச் சரிவுகள்ல சாமையும் தினையும் கேழ்வரகும்தான் அதிகம். ஒரு திண்ணையில தண்ணி குடிக்க உட்கார்ந்தப்போ, "ஏன் பாட்டி, சாமையை விட்டுட்டீங்க?"ன்னு கேட்டேன். மழை, விலைன்னு ஏதாவது சொல்வாங்கன்னு நினைச்சேன். பாட்டி உள்ளங்கையை விரிச்சுக் காட்டுனாங்க. "உலக்கை புடிச்ச கை தம்பி இது. கெழங்குன்னா புடுங்கி லாரியில ஏத்திட்டா போச்சு. சாமையைக் குத்திப் பொடைச்சு எடுக்கறது யாரு?"

மத்த காரணமும் உண்டு. கிழங்கு கையில காசா வரும், ரேஷன்ல அரிசி கிடைக்கும். ஆனாலும் எஞ்சினியரா என்னை உறுத்தினது உலக்கைதான். சாமையோட உமி கெட்டி, மணி ரொம்பப் பொடி. சாதாரண நெல் மில்லுல போட்டா நொறுங்கிடும். அதைக் கையால குத்தின வேலை முழுக்கப் பொம்பளைங்க தலையில. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இங்க சிறுதானிய வேலை பார்த்தப்போ, விதையோட நிக்காம, உமி நீக்கற மெஷினையும் ஊருக்குள்ள கொண்டுவந்து சுயஉதவிக் குழுக்கள் கையில குடுத்தாங்க. சரியான இடத்துல கைவச்சிருக்காங்கன்னு எனக்குத் தோணுச்சு. "பாரம்பரியத்தை மறந்துட்டாங்க"ன்னு கீழேர்ந்து வீடியோ போடறவங்க யாரும் உலக்கையைத் தூக்கிப் பார்த்திருக்க மாட்டாங்க.

இறங்கறப்போ ஒரு விஷயம். பிரேக்கை விடாம அழுத்திப் பிடிச்சுக்கிட்டே வராதீங்க, டிஸ்க் சூடாகிப் பிடிப்பு குறைஞ்சிடும். வளைவுக்கு முன்னாடியே பிடிச்சு வேகத்தைக் குறைங்க, திரும்பறப்போ விடுங்க. பஸ் மேல ஏறி வந்தா ஓரமா நின்னுடுங்க, வளைவுல அதுக்கு முழு ரோடும் வேணும். பையில ரெண்டு கிலோ சாமை அரிசிக்கு இடம் விட்டுட்டுப் போங்க. நான் வாங்கிட்டு வந்தது ரெண்டே வாரத்துல தீர்ந்துடுச்சு.