எஸ்டேட் என்னும் சொல்

(தோட்ட மக்களிடையே ஆற்றப்பெற்ற உரை)



நாம் நாள்தோறும் வழங்கும் ஆங்கிலச் சொல் ஒன்றைப் பற்றிப் பேச விழைகின்றேன். 'எஸ்டேட்' என்பதே அச்சொல். பிரட்டுக் களத்திலும் சம்பளச் சீட்டிலும் பாட்டன் காலந்தொட்டு நாம் கண்டு பழகியது அது. 1917ஆம் ஆண்டில் ஹென்றி ஃபோக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை நம் கோலசிலாங்கூர் மாவட்டத்தில் உருவாக்கினார். அதன் பெயர் தென்னமரம் எஸ்டேட். முற்பகுதி தமிழ், பிற்பகுதி ஆங்கிலம். அத்துணை நெருக்கமாக இச்சொல் நம்மோடு கலந்துவிட்டது.

நமக்கு அதன் பொருள் ஒன்றே, தோட்டம். ஆங்கிலத்திலோ பொருள் பல. 'நிற்றல்' என்னும் கருத்துடைய இலத்தீன் சொல்லே இதன் மூலம். நம் மொழியிலும் 'நில்' என்பதிலிருந்து 'நிலை' தோன்றியதன்றோ? ஒருவரின் நிலையைக் குறித்த அச்சொல், பின்னர் அந்நிலைக்கு ஆதாரமான நிலத்தையும் உடைமையையும் குறிக்கலாயிற்று.

'ஹவுசிங் எஸ்டேட்' என்பது குடியிருப்புப் பகுதி. அங்கே பால்மரம் இராது. 'இண்டஸ்டிரியல் எஸ்டேட்' என்பது தொழிற்பேட்டை. 'ரியல் எஸ்டேட்' என்பது நிலமும் கட்டடமுமாகிய அசையாச் சொத்து. பத்திரிகைத் துறையை 'நான்காவது எஸ்டேட்' என்பதும் உண்டு.

இவற்றினும் நாம் கருத்திற்கொள்ள வேண்டிய பொருள் வேறொன்று உளது. ஒருவர் மறைந்தபின் விட்டுச்செல்லும் உடைமை முழுவதற்கும் சட்டத்தில் 'எஸ்டேட்' என்றே பெயர். 'காலஞ்சென்ற இன்னாரின் எஸ்டேட்' என்று ஒரு கடிதம் வருமாயின், "இது தோட்ட அலுவலகத்து விவகாரம், நமக்கு ஏது எஸ்டேட்?" என்று அதனை ஒதுக்கிவிடலாகாது. பால்மரம் வெட்டிய கையால் வாங்கிய மலிவு விலை வீடு, வங்கிச் சேமிப்பு, 1960இல் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பங்கு ஆகிய யாவும் அத்தொழிலாளியின் எஸ்டேட்டே. அதிலிருந்து அவர்தம் கடனைத் தீர்த்தபின் எஞ்சுவது வாரிசுகளைச் சேரும்.

மலாய் மொழியில் இக்குழப்பம் இல்லை. தோட்டம் 'லாடாங்', மறைந்தவரின் சொத்து 'ஹர்த்தா பூசாக்கா'. நில அலுவலகக் கடிதத்தில் இவ்விரு சொற்களுள் எது உளதென்று பாருங்கள், பொருள் விளங்கிவிடும்.

உயில் எழுதாமல் மறைந்தவரின் சொத்தில் நிலமோ நிலப்பட்டாவுடன் கூடிய வீடோ இருந்து, மொத்த மதிப்பு சட்ட வரம்புக்குள் அடங்குமாயின், 1955ஆம் ஆண்டுச் சிறு சொத்துப் பங்கீட்டுச் சட்டத்தின்கீழ் அந்நிலம் அமைந்துள்ள மாவட்டத்தின் நில அலுவலகத்திலேயே வாரிசுகள் விண்ணப்பிக்கலாம். வாளாவிருந்தால் பட்டா இறந்தவர் பெயரிலேயே கிடக்கும். பிள்ளைகள் அவ்வீட்டை விற்கவும் இயலாது, அடைமானம் வைக்கவும் இயலாது. ஆண்டுகள் செல்லச் செல்ல வாரிசுகளின் எண்ணிக்கை பெருகும், சிக்கலும் பெருகும்.

ஊழியர் சேமநிதிக்கு வழி இன்னும் எளிது. உறுப்பினர் தம் வாழ்நாளிலேயே பயனாளரை நியமித்துவிட்டால், அவர் நேரே சென்று அத்தொகையைக் கோரலாம். நியமனம் இல்லையேல் குடும்பத்தாருக்கு அலைச்சலும் காலதாமதமும் நேரும்.

தோட்டத்தில் உழைத்தோம், தோட்டம் நமதன்று. உழைத்துச் சேர்த்தது நமதே. அதற்கும் 'எஸ்டேட்' என்றே பெயர் என்பதை மறவாதீர்கள். உங்கள் சேமநிதி நியமனத்தையும் வீட்டுப் பட்டாவில் உள்ள பெயரையும் இந்த மாதமே சரிபார்த்துக் கொள்ளுங்கள்.