உயர்திணையில் ஓர் இடம்



லிட்டில் இந்தியா பெருவிரைவு ரயில் நிலையத்தை ஒட்டி, ஹேம்ப்ஷியர் சாலையில் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் வளாகம் இருக்கிறது. முன்னாளில் அங்கே இயங்கியது கண்டாங் கெர்பாவ் மருத்துவமனை. இலங்கையில் பிறந்த பேராசிரியர் எஸ். எஸ். ரத்னத்தின் தலைமையில், 1971இல், சிங்கப்பூரின் முதல் பால்மாற்று அறுவை சிகிச்சை அம்மருத்துவமனையில் நிகழ்ந்தது.

மருத்துவம் திறந்த வழியில் சட்டம் மெல்ல நடந்தது. 1973இல், அறுவை சிகிச்சை பெற்றோர் அடையாள அட்டையில் பால் குறிப்பை மாற்றிக்கொள்ள வழி பிறந்தது. ஆயினும் 1991இல் அத்தகைய ஒருவரின் திருமணம் செல்லாது என நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1996இல் மாதர் சாசனம் திருத்தப்பட்ட பின்னரே அவர்தம் மணவுரிமை உறுதியாயிற்று.

எனினும், அறுவை சிகிச்சை செய்துகொள்ளாதவர்க்கு அட்டை மாறுவதில்லை. அட்டை ஒன்றும் தோற்றம் ஒன்றுமாக நேர்காணலுக்குச் செல்வதன் இடர்ப்பாட்டைத் திருநங்கையரும் திருநம்பியரும் எடுத்துரைக்கின்றனர். 2025 ஜனவரியில் நிறைவேறிய வேலையிட நியாயச் சட்டம் வயது, இனம், சமயம், மொழி, உடற்குறை முதலியவற்றுக்குக் காப்பளிக்க வகைசெய்கிறது. பாலின அடையாளம் அப்பட்டியலில் இல்லை. இந்திய உச்ச நீதிமன்றமோ, தம் பாலினத்தைத் தாமே உணர்ந்துரைக்கும் உரிமையை 2014இல் ஏற்று, அதற்கு அறுவை சிகிச்சையைக் கட்டாயமாக்கலாகாது என்றது.

இனி நம் இலக்கணத்தைப் பார்ப்போம். தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் இவர்களைத் தெய்வப் பெயர்களோடு ஒரே நூற்பாவில் வைத்து, உயர்திணை ஈறுகளையே ஏற்பர் என்றார். நன்னூலார் ஒருவர் விரும்பும் பாலையே அவர் பாலாகக் கொண்டார்; ஆனால் அஃறிணை போல வழங்கவும் இடந்தந்தார். ஆக, மதிப்பும் இழிவும் ஆகிய இரு வழிகளும் நம் மரபிலேயே உள்ளன.

அவற்றுள் எதை மேற்கொள்வது என்பது நம் கையில் இருக்கிறது. சட்டத்தை மாற்றும் அதிகாரம் வகுப்பறைக்கு இல்லை. சொல்லை மாற்றும் ஆற்றல் உண்டு. ஒரு மனிதரை ‘அது’ என்று சுட்டி மாணவர் நகைக்கும்போது, ஆசிரியர் வாளாவிருந்தால் அந்த அஃறிணைக்கு அவரும் உடன்பட்டவராவார். ‘அவர்’ என்னும் சொல் ஆணா பெண்ணா என்று வினவுவதில்லை; எதிரில் இருப்பவர் மனிதர் என்பதே அதற்குப் போதும். அச்சொல்லை முதலில் நாம் வழங்குவோம்; மாணவர் நம்மைக் கேட்டே பேசுவர்.