தவணைத் தேதியும் நா நேர்மையும்

விடியுமுன் மாரிகுப்பத்தில் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிற தங்கச் சுரங்க ஊர் நம்முடையது. 2001 பிப்ரவரி 28-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டு மாதச் சம்பளம் நின்றபோது, மைசூர் மைன்ஸ் சுரங்கக் குடியிருப்பு வீடுகளில் கடன் ஊதாரித்தனத்தால் வரவில்லை. அரிசிக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் வாங்கியது. அந்த வீடுகளிலிருந்து வங்கிக்கும் காப்பீட்டுக்கும் வேலைக்குப் போகிறவர்களை ஒரு கேள்வி எதிர்கொள்ளும்: கடன்பட்டவர் பிறருக்குப் பண யோசனை சொல்லலாமா? சொல்லலாம். ஆனால் தன் தவணையைக் கமிஷனில் கட்டவேண்டிய நிலையில் சொல்லக்கூடாது. எதிரே ஓய்வுப் பணத்தோடு ஒரு பெரியவர் உட்கார்ந்திருக்கிறார். டெர்ம் பாலிசிக்குப் பிரீமியம் குறைவு, ஆகவே கமிஷனும் குறைவு. சேமிப்புப் பாலிசியில் முதல் வருடக் கமிஷனே கணிசம். நாளை மறுநாள் இஎம்ஐ. ஆலோசகர் பொய் சொல்லவே வேண்டாம். சேமிப்புப் பாலிசியின் தாளை முதலில் விரித்தால் போதும். பதிவு பெற்ற முதலீட்டு ஆலோசகர், தான் ஆலோசனை சொல்லும் வாடிக்கையாளருக்கே பொருளை விற்றுக் கமிஷன் வாங்கக்கூடாது என்று பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி வைத்திருக்கும் விதி இந்தச் சபலத்தை அறிந்தே எழுதப்பட்டது.

பட்டவனுக்குத்தானே வலி தெரியும் என்பார்கள். உண்மைதான், கந்துவட்டியின் கணக்கு அதில் சிக்கியவருக்குத்தான் மனப்பாடம். ஆனால் கரையேறியவர் வேறு, இன்னும் முங்கிக்கொண்டிருப்பவர் வேறு. திவாலானவரென அறிவிக்கப்பட்டு அதிலிருந்து விடுபடாதவர் போன்றோரைத்தான் செபி தகுதியற்றவர் என்கிறது. கடனிருப்பவர் எல்லாரையும் அல்ல. ஆனால் ஸ்டேட் வங்கி ஒரு அதிகாரியின் நியமனத்தைக் கடன் வரலாற்றைக் காட்டி ரத்து செய்தது சரியே என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025-இல் தீர்ப்பளித்தது. பொதுமக்கள் பணத்தைக் கையாளுகிறவருக்கு நிதி ஒழுங்கு வேண்டும் என்பது காரணம். கடன்களை முன்பே அடைத்துவிட்டதாக அவர் வாதிட்டும் பலனில்லை. இதில் எனக்கு முழுச் சம்மதமில்லை. தவறிய தவணை அம்மாவின் ஆபரேஷனுக்கா, புது பைக்குக்கா என்று சிபில் என்னும் கடன் மதிப்பெண் சொல்லாது. குறைந்த மதிப்பெண்ணுக்காகக் கல்விக் கடனை மறுக்கக்கூடாதென்று 2023-இல் கேரள உயர் நீதிமன்றம் சொன்ன நிதானம் வேலைக்கு எடுக்கும்போதும் இருக்கலாம். அந்த நிதானம் வரும்வரை, வருடத்துக்கு ஒருமுறை இலவசமாகக் கிடைக்கும் உங்கள் கடன் அறிக்கையை வாங்கிப் பாருங்கள். பிழையிருந்தால் புகார் கொடுங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. நண்பனுக்காகப் போட்ட ஜாமீன் கையெழுத்தும் அந்த அறிக்கையில் வந்து நிற்கும்.