வலி மாத்திரையும் பகுத்தறிவும்

(வாசகசாலைக் கூட்டமொன்றில் செய்த சொற்பொழிவு)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் கடவுளைப் பற்றியதும் அல்ல, புராணத்தைப் பற்றியதும் அல்ல. உங்கள் மடியிலும் சுருக்குப் பையிலும் இருக்கிற ஒரு சின்ன வலி மாத்திரையைப் பற்றியதேயாகும். "இதற்கும் சுயமரியாதைக்கும் என்ன சம்பந்தம்?" என்று சிலர் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. என்ன, ஏன், எதற்காக என்று கேட்காமல் ஒன்றை ஒப்புக்கொள்ளுவதுதான் மூடநம்பிக்கை என்று நாம் சொல்லி வருகிறோம். கோவில் திருநீற்றைக் கேள்வி கேட்காமல் வாங்கிப் பூசுகிறவனைப் பரிகாசம் செய்கிற நாம், மருந்துக் கடையில் கொடுப்பதைப் பேர்கூடக் கேட்காமல் வாங்கி விழுங்குவோமானால், நமக்கும் அவனுக்கும் என்ன வித்தியாசம்? அவனாவது நெற்றியில் பூசுவதோடு விட்டுவிடுகிறான். நாம் விழுங்கியதோ இரத்தத்தில் கலந்து உடம்பு முழுதும் போகிறது.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். மாத்திரையே கூடாது, பல்லைக் கடித்துக்கொண்டு வலியைப் பொறுத்துக்கொள் என்று சொல்ல நான் வரவில்லை. அப்படிச் சொல்லுகிற வேலையைச் செய்ய வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நாள் முழுதும் குனிந்து நாற்று நடுகிறவளுக்கு இடுப்பு வலிக்கிறது. மூட்டை தூக்குகிறவனுக்கு முதுகு வலிக்கிறது. தறிக்குழியில் கால் வைத்தவனுக்கு முட்டி வலிக்கிறது. இவர்களைப் பார்த்து, "முன் ஜென்மத்து வினை, அனுபவித்துத்தான் தீரவேண்டும்" என்று சொன்னவர்கள் ஒரு நாளாவது மூட்டை தூக்கினவர்களா? வலியைத் தீர்க்க மருந்து கண்டுபிடித்தது மனித அறிவின் பெரிய வெற்றிகளில் ஒன்று. அந்த அறிவின் பலனை அறிவோடு அனுபவியுங்கள் என்பதுதான் என் பேச்சு.

இது எந்த ரிஷியும் தவமிருந்து வாங்கிய வரம் அல்ல. 1763-ல் இங்கிலாந்தில் எட்வர்டு ஸ்டோன் என்பவர், வில்லோ என்னும் மரத்தின் பட்டையை இடித்துக் கொடுத்தால் காய்ச்சல் தணிகிறது என்று ராயல் சொசைட்டிக்கு எழுதினார். அந்த வழியில் வந்ததுதான் 1897-ல் ஜெர்மனியில் செய்த ஆஸ்பிரின். அது வலியை எப்படித் தீர்க்கிறது என்பதோ 1971-ல்தான் விளங்கிற்று. விளங்கவைத்தவர் ஜான் வேன். அதற்காக 1982-ல் வேறு இருவரோடு அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்று நம் ஊர்களில் முட்டிவலி, முதுகுவலிக்கு ஏராளமாய்ச் செலவாகும் டைக்ளோஃபெனாக் என்கிற மாத்திரையும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததே. அய்புப்ரோஃபென், அசிக்ளோஃபெனாக், நாப்ராக்சன் எல்லாம் இதன் பங்காளிகள்.

அவர் கண்டுபிடித்தது என்ன? உடம்பில் ப்ராஸ்டாகிளாண்டின் என்று ஒரு பொருள் உண்டாகிறது. வாயில் நுழையாத பேராயிற்றே என்று பயப்படவேண்டாம். ஆயிரம் நாமங்களை மனப்பாடம் செய்த நாட்டுக்கு இந்த ஒரு நாமம் பாரமல்ல. அடிபட்ட இடத்திலும் தேய்ந்த மூட்டிலும் இந்தப் பொருள் சுரந்து, வீக்கத்தையும் சூட்டையும் வலியையும் உண்டாக்குகிறது. மாத்திரை அதைச் சுரக்கவிடாமல் தடுக்கிறது. வலி குறைகிறது. தேய்ந்த மூட்டு தேய்ந்தபடியேதான் இருக்கும். வலி என்கிற சத்தம்தான் அடங்குகிறது. காவல்நாய் குரைப்பதை நிறுத்திவிட்டால் திருடன் போய்விட்டான் என்று அர்த்தமா?

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று. இதே பொருள்தான் இரைப்பையின் உட்புறத்தில் வழவழப்பான பூச்சு இருக்கும்படி செய்து, அங்கே ஊறும் அமிலம் இரைப்பையையே அரித்துவிடாமல் காக்கிறது. உடம்பில் தண்ணீர் வற்றுகிற காலத்தில் சிறுநீரகத்துக்கு இரத்தம் குறையாமல் போகும்படி பார்த்துக்கொள்ளுவதும் இதுவே. மாத்திரைக்குக் கண் இல்லை, தோழர்களே! "முட்டிக்குப் போ, வயிற்றுக்குப் போகாதே" என்று அதற்கு உத்தரவு போட முடியாது. முட்டியில் தடுப்பதை வயிற்றிலும் தடுக்கிறது, சிறுநீரகத்திலும் தடுக்கிறது. அதனால்தான் சிலருக்குக் குடல் புண் உண்டாகி இரத்தம் கசிகிறது. சிலருக்குச் சிறுநீரகம் கெடுகிறது. சிலருக்கு உப்பும் நீரும் தங்கி இரத்தக் கொதிப்பு ஏறுகிறது. இருதய நோய்க்காரருக்கு அபாயம் இன்னும் அதிகம். மாரடைப்பு, பக்கவாதம் வந்தவர்களுக்கும், இருதயம் பலவீனப்பட்டவர்களுக்கும் டைக்ளோஃபெனாக் கொடுக்கக்கூடாது என்று 2013-ல் அய்ரோப்பிய மருந்து அதிகாரிகள் தீர்ப்புச் சொல்லியிருக்கிறார்கள்.

இங்கே மூன்று மூடநம்பிக்கைகளைச் சொல்லவேண்டும். "மாத்திரைதான் வயிற்றுக்குக் கெடுதி, ஊசி போட்டால் ஒன்றும் செய்யாது" என்பது ஒன்று. ஊசி மருந்தும் இரத்தத்தின் வழியாய் அதே வேலையைத்தான் செய்கிறது; ஆதலால் புண்ணும் வரலாம். "சாப்பிட்டுவிட்டுப் போட்டால் போதும்" என்பது இரண்டாவது. சாப்பாடு எரிச்சலைக் கொஞ்சம் குறைக்கும். புண் வராமல் தடுத்துவிடும் என்ற உறுதி இல்லை. "கூடவே ஒரு கேஸ் மாத்திரை போட்டுக்கொண்டால் பயமில்லை" என்பது மூன்றாவது. வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை இரைப்பைக்குக் காவல். அதைச் சிலருக்கு வைத்தியரே எழுதுவார். சிறுநீரகத்துக்கும் இருதயத்துக்கும் அது காவல் அல்ல.

இந்த மருந்து விளையாட்டுப் பொருள் அல்ல என்பதற்கு ஒரு பெரிய சாட்சி வானத்திலிருந்து வந்தது. திருக்கழுக்குன்றத்து மலையில் இரண்டு கழுகுகளுக்குப் பண்டாரம் சோறு வைப்பதும், அவை சாபம் பெற்ற ரிஷிகள் என்று சொல்லி ஜனங்கள் கும்பிடுவதும் வெகுகாலம் நடந்தது. அவை வராமல் நின்றபோது, "கலி முற்றிவிட்டது" என்று சொல்லித் தீர்த்துக்கொண்டவர்கள் உண்டு. ஆனால் 1990-கள் முதல் நாடெங்குமே பிணந்தின்னிக் கழுகுகள் கூட்டங்கூட்டமாய் மறைந்துகொண்டிருந்தன. காரணம் தேடியவர்கள் புராணத்தைப் புரட்டவில்லை. செத்த கழுகை அறுத்துப் பார்த்தார்கள். அதன் சிறுநீரகம் கெட்டுப்போய், உள்ளுறுப்புகளின்மேல் வெள்ளை உப்புப் படிந்திருந்தது. மாட்டுக்கு வலி தீரப் போட்ட டைக்ளோஃபெனாக் ஊசி, அந்த மாடு செத்த பிறகு அதைத் தின்ற கழுகைக் கொன்றது என்று 2004-ல் நிரூபித்தார்கள். 2006-ல் இந்திய அரசாங்கம் மாட்டு வைத்தியத்தில் அதை நிறுத்திற்று. மனிதருக்கென்று விற்ற பெரிய புட்டிகளை மாட்டுக்குப் போடுவது நிற்காததால், 2015-ல் ஊசிப் புட்டியே 3 மில்லி லிட்டருக்கு மேற்படக்கூடாது என்று உத்தரவாயிற்று. கழுகுக்கு ஆனதெல்லாம் மனிதனுக்கும் அப்படியே ஆகும் என்று நான் சொல்லவில்லை. கழுகின் உடம்பு வேறு. மனித உடம்பு இந்த மருந்தைச் சில மணி நேரத்தில் கழித்துவிடுகிறது. ஆனால் ஒரு பிராணியின் வலியைத் தீர்க்கிற மருந்தே இன்னொன்றுக்கு விஷமாகும் என்பது இதில் தெரிகிறதா இல்லையா? மனிதருக்குள்ளும் அப்படியே. வாலிபனுக்கு மூன்று நாளில் சுளுக்கைத் தீர்த்த மாத்திரை, நீரிழிவும் கொதிப்பும் உள்ள அவன் தகப்பனுக்கு ஆகாது.

இனி நம் ஊர்களில் நடப்பதைப் பாருங்கள். வைத்தியரிடம் போனால் அரை நாள் கூலி போகும். ஆகையால் கடைக்குப் போய், "கை கால் வலிக்கிறது, ஒரு செட் கொடு" என்கிறோம். அவர் பட்டையிலிருந்து கத்தரித்து நாலு நிற மாத்திரைகளைக் காகிதத்தில் மடித்துக் கொடுக்கிறார். பேர் எழுதிய இடம் கத்தரித்த பக்கத்தோடு போய்விடுகிறது. மறுநாள் வலி இல்லை, வேலைக்குப் போகிறோம். பிறகு அதுவே தினப்படி வழக்கமாகிறது. அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் பசியும் தெம்பும்கூட வருகிறது. கை ராசி என்று பேரும் வருகிறது. "மூலிகை, பக்க விளைவே இல்லை" என்று சந்தையில் விற்கிற வாதச் சூரணங்களிலும் இதே இங்கிலீஷ் மருந்தைப் பொடித்துக் கலந்ததைப் பரிசோதனையில் பலமுறை கண்டுபிடித்திருக்கிறார்கள். அரை நாள் கூலியை மிச்சம் பிடித்தவனுக்குச் சிறுநீரகம் முற்றிலும் கெட்டுப்போனால், வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் இயந்திரத்தில் இரத்தத்தைச் சுத்தி செய்துகொண்டுதான் உயிர் வாழவேண்டும். அப்போது எந்தக் கூலி மிச்சம்?

1945-ம் வருஷத்து மருந்து விதிகளின்படி டைக்ளோஃபெனாக் 'எச்' அட்டவணையைச் சேர்ந்தது. பதிவு பெற்ற வைத்தியரின் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று பட்டையிலேயே அச்சிட்டிருக்கிறது. கடைக்காரரை மாத்திரம் குறை சொல்லிப் பயனில்லை. கேள்வி கேட்டால் கோபித்துக்கொள்ளுகிற வைத்தியரும் இருக்கிறார். புரியாத பாஷையில் மந்திரம் சொல்லித் தட்சணை வாங்குகிற புரோகிதருக்கும், புரியாத கையெழுத்தில் சீட்டு எழுதி விளக்கம் சொல்லாத வைத்தியருக்கும் அந்த மட்டில் பேதம் இல்லை. மரியாதையாய்க் கேளுங்கள், ஆனால் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

என்ன கேட்பது, என்ன செய்வது என்பதைச் சுருக்கமாய்ச் சொல்லுகிறேன்.

ஒன்று: "மருந்தின் பேர் என்ன? எத்தனை வேளை? எத்தனை நாள்?" இந்த மூன்றையும் கேட்டு எழுதி வாங்குங்கள். போதுமான அளவில் மிகக் குறைந்த அளவு, போதுமான நாளில் மிகக் குறைந்த நாள், இதுதான் சட்டம். பெரியவர்களுக்கு டைக்ளோஃபெனாக் நாள் ஒன்றுக்கு 150 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. இது உச்ச வரம்பே தவிர எல்லோருக்கும் உரிய அளவு அல்ல. ஒரு வேளை மறந்துவிட்டால் அடுத்த வேளை இரண்டாய்ப் போடவேண்டாம்.

இரண்டு: இக்கூட்டத்து மாத்திரைகளில் ஒரு சமயத்தில் ஒன்றுதான். கம்பெனிப் பேர் வேறாயிருந்தும் உள்ளே இருப்பது ஒன்றாயிருக்கும். பட்டையின் முதுகில் உள்ள சிறிய எழுத்தைப் படியுங்கள். படிக்கத் தெரியாவிட்டால் பள்ளிக்கூடம் போகிற பெண்ணைப் படிக்கச் சொல்லுங்கள்.

மூன்று: குடல் புண், ஆஸ்துமா, இரத்தக் கொதிப்பு, இருதய நோய், சிறுநீரக நோய், கல்லீரல் நோய் இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். இரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை, கொதிப்பு மாத்திரை, நீர் பிரிய வைக்கும் மாத்திரை எது சாப்பிட்டாலும் அதைக் கையில் எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். கொதிப்பு மாத்திரைகளில் சிலவும் நீர் மாத்திரையும் வலி மாத்திரையும் ஒன்றாய்ச் சேருவது சிறுநீரகத்துக்குப் பெரிய ஆபத்து. கர்ப்ப ஸ்திரீகள், விசேஷமாய் 20 வாரத்துக்குப் பிறகு, வைத்தியர் சொல்லாமல் தொடக்கூடாது. கடைசி மூன்று மாதத்தில் அடியோடு ஆகாது.

நான்கு: வாந்தி பேதியில் உடம்பு வற்றியிருக்கும்போதும், கடும் வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்தபோதும் இதைப் போடவேண்டாம். டெங்கு என்று சந்தேகப்படும் காய்ச்சலில் கூடவே கூடாது. இரத்தக் கசிவு உண்டாகும். அதற்குப் பாரசிட்டமால்தான், அதுவும் அளவோடு. சாராயத்தோடு சேருவது வயிற்றில் நெருப்பு வைப்பதாகும்.

அய்ந்து: முட்டி, கை மூட்டு வலிக்கு முதலில் தடவுகிற களிம்பைப் பற்றிக் கேளுங்கள். அதே மருந்துதான், ஆனால் இரத்தத்தில் சேருவது மிகச் சொற்பம்.

மலம் தார்போல் கறுத்துப் போனாலும், வாந்தியில் இரத்தமோ காப்பித்தூள் போன்றதோ வந்தாலும், நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், ஒரு பக்கம் கை கால் விழுதல் ஆகியவை கண்டாலும் மாத்திரையை நிறுத்தி உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மூத்திரம் குறைந்தாலும், முகமோ காலோ வீங்கினாலும், கண் மஞ்சளானாலும், உடம்பில் தடிப்புக் கிளம்பினாலும் அப்படியே. மந்திரிக்கிறேன், வேப்பிலை அடிக்கிறேன் என்று ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. "இங்கிலீஷ் மருந்துக்காரனே தப்புச் செய்கிறானே, அவன் அறிவு மட்டும் என்ன உசத்தி?" என்று கேட்கிறவர்கள் உண்டு. உண்மைதான், ரோஃபெகாக்சிப் என்று ஒரு வலி மாத்திரையை வயிற்றுக்குச் சாது என்று 1999-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். அதனால் மாரடைப்பும் பக்கவாதமும் அதிகப்படுகின்றன என்று சோதனையில் தெரிந்ததும் 2004-ல் உலகமெங்கும் கடையிலிருந்து எடுத்தார்கள். காலந்தாழ்த்தித்தான் எடுத்தார்கள், இலாப ஆசை இல்லாமலும் இல்லை. ஆனாலும் எண்ணிப் பார்த்துத் தப்பு என்று கண்டதும் எடுக்க நேர்ந்தது. எந்த ஸ்தல புராணமாவது, "இன்ன பரிகாரம் பலிக்கவில்லை, திரும்பப் பெற்றுக்கொள்ளுகிறோம்" என்று விளம்பரம் செய்ததுண்டா? தப்பைக் கண்டுபிடிக்க வழி வைத்திருப்பதுதான் அறிவு. அந்த வழியின் பேர்தான் கேள்வி.

நான் வைத்தியன் அல்லேன். ஆதலால் நான் சொன்னேன் என்பதற்காக எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள். இந்தப் பத்திரிகையை எடுத்துக்கொண்டு உங்கள் வைத்தியரிடமே போய், "இது சரியா?" என்று கேளுங்கள். நாளைக்குக் கடையில் மாத்திரை வாங்கக் கை நீட்டும்போது, "இது என்ன மருந்து?" என்று ஒருவர் கேட்டாரானால் இன்று நான் பேசியது வீண் போகவில்லை என்று கொள்ளுவேன்.